1:20 அளவில் பாட்டி வீடு: சுங்கை சிப்புட் மாணவி ஒருத்தியின் உட்புற வடிவமைப்புப் படிப்பு

இந்த ஆய்வில் வரும் மாணவி பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உட்புற வடிவமைப்பில் இளங்கலை படிக்கிறாள். மூன்றாம் பருவத்தின் ஏழாவது வாரத்தில், இடைக்கால மதிப்பீடு முடிந்த மறுநாள், யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் நின்று, "அக்கா, நான் படிப்ப நிப்பாட்டிக்கிறேன். எனக்கு டேஸ்ட் இல்லன்னு தெரிஞ்சு போச்சு," என்றாள்.

நானும் இதே துறையில் படித்தவள்தான். ஈப்போவில் வீடு, கடை சீரமைப்பு வேலைகளுக்கு வரைபடம் போடுகிறேன், வேலை நடக்கும் இடத்தில் நின்று ஆட்களிடம் வேலை வாங்குகிறேன். அவள் ஐந்தாம் படிவம் முடித்தபோது சேர்க்கைக்குக் காட்ட வேண்டிய ஓவியத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத் தயாரிக்க உதவியவள் நான். அதனால் பிள்ளையைத் தவறான படிப்பில் தள்ளிவிட்டேனோ என்ற பயம் எனக்கும் வந்தது. அடுத்த ஏழு வாரம் நடந்ததை இருவரும் நோட்டில் எழுதி வைத்தோம். அவள் சம்மதத்தோடு, பெயர்களை மட்டும் விட்டுவிட்டு இங்கே தருகிறேன். நம் தோட்டப்புறப் பிள்ளைகள் இந்தப் படிப்பைப் பற்றி யோசிக்கும்போது, அவர்களும் அவர்கள் அம்மா அப்பாவும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

குடும்பமும் வீடும்

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. டவுனில் ஒரு மலிவு விலை வீட்டில் ஐந்து பேர். பாட்டி மட்டும் இன்னும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் இருக்கிறார். தாத்தா பால்மரம் சீவிய காலத்தில் கிடைத்த வீடு அது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள், பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பாட்டி நகரவில்லை. "நாலு சனம் வந்து போற இடம்" என்பார்.

சுங்கை சிப்புட்டில் வீட்டைப் பற்றிப் பேசினால் நிலத்தின் கதையும் கூடவே வந்துவிடும். பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, இந்த ஊரில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். ஆனால் தோட்டத்து லயம் என்றாலே நிர்வாகத்தின் சொத்து என்ற நிலைதான் எங்கும் பழக்கமாக இருந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் 1990இல் வந்தது. முதலாளி என்ன கொடுக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. குடியிருப்பவர் தன் வீட்டை எப்படி மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் லயத்தில் வளரவே இல்லை. பாட்டி வீட்டில் சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட, "ஆபீசுல கேட்டியா?" என்றுதான் முதலில் கேட்பார்களாம்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உட்புற வடிவமைப்பு என்பது, இருக்கிற இடத்தை ஆளுக்கேற்ப மாற்றலாம் என்ற நம்பிக்கையில் நிற்கிற படிப்பு. மூன்று தலைமுறையாக "கொடுத்த இடத்துல நாம அனுசரிச்சு இருக்கணும்" என்று வாழ்ந்த வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு, அந்த நம்பிக்கையையே புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

படிப்புக்குள் போன வழி

ஊரில் இதைப் பற்றிச் சரியான தகவல் குறைவு, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு வழி என்றால் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவான யூ.பி.யூ. மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வீடமைப்பு, கட்டடம், திட்டமிடல் பிரிவில் உட்புற வடிவமைப்பு இருக்கிறது. இந்தத் துறையில் நாடறிந்த இடமான மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (யூ.ஐ.டி.எம்.), டிப்ளோமாவிலும் இளங்கலையிலும் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களை மட்டுமே சேர்க்கிறது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு அரசு வழி மற்றவர்களைவிடக் குறுகலானது. மீதிப் பேர் தனியாருக்குத்தான் போகிறார்கள். பொதுவாக ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் மூன்று பாடத்தில் கிரெடிட் இருந்தால் டிப்ளோமாவில் சேரலாம். இளங்கலைக்கு, அதன்பின் படிக்கிற எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், ஃபவுண்டேஷன், டிப்ளோமா இவற்றில் ஒன்று வேண்டும். பள்ளியில் ஓவியப் பாடம் எடுக்காதவர்களிடம் போர்ட்ஃபோலியோ கேட்பார்கள், இல்லாவிட்டால் நேர்முகம் வைப்பார்கள்.

அவள் ஃபவுண்டேஷன் முடித்து, பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனில் இளங்கலைக்குப் போனாள். முதல் இரண்டு பருவம் நன்றாகவே போயின. கோடு போடுவது, வண்ணக் கோட்பாடு, வடிவமைப்பு வரலாறு எல்லாம் பள்ளிப் பாடம் மாதிரிதான்: படித்தால் மதிப்பெண் வரும். மூன்றாம் பருவத்தில் ஸ்டூடியோ கனமானது. அங்கேதான் சறுக்கினாள்.

ஸ்டூடியோ என்பதை வெளியில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கொஞ்சம் கடினம். அது ஒரு பாடம், ஆனால் பாடப்புத்தகம் கிடையாது. ஒரு வேலையைக் கொடுப்பார்கள், வாரத்துக்கு இரண்டு முறை விரிவுரையாளர் மேசைக்கு வந்து பார்ப்பார். நடுவில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் வரைபடங்களைச் சுவரில் ஒட்டி, அட்டையில் செய்த சிறிய மாடலை முன்னால் வைத்து, குழுவின் முன் நின்று பேச வேண்டும். இதைத்தான் கிரிட் என்கிறார்கள். எல்லா மாணவர்களும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டூடியோவில் தவறினால் அடுத்த ஸ்டூடியோவுக்குப் போக முடியாது, படிப்பு அப்படியே நீண்டுவிடும். கடனில் படிக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஏழாவது வாரம்

கொடுத்த வேலை இதுதான்: எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தனியாக வாழ்வதற்கு ஒரு சிறிய வீடு, 45 சதுர மீட்டருக்கு மிகாமல். அவள் செய்திருந்ததை என்னிடம் காட்டினாள். வெள்ளைச் சுவர், வெளிர் மரம், சமையலறை நடுவில் தீவு போல் ஒரு மேடை, மேலே தொங்கும் விளக்குகள், ஜன்னலோரம் தாழ்வான ஒரு சாய்நாற்காலி. அந்த வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, புத்தகம் படிப்பவர், பூனை வளர்ப்பவர் என்று எழுதியிருந்தாள். படங்கள் அழகாகத்தான் இருந்தன. எல்லாம் இணையத்தில் பார்த்துச் சேர்த்தவை.

மதிப்பீட்டுக் குழுவில் மூன்று பேர். ஒருவர் கேட்டாராம்: "இவர் காலையில் எழுந்ததும் முதலில் எங்கே போவார்?" இவளிடம் பதில் இல்லை. "ஈரத்துணியை எங்கே காயப்போடுவார்?" அதற்கும் இல்லை. "இந்த நாற்காலியின் உயரம் 380 மில்லிமீட்டர், கைப்பிடியும் இல்லை. எழுபது வயதில் இதிலிருந்து எப்படி எழுந்திருப்பார்?" கடைசியாக, "வேறு யாருடைய வீட்டையோ பார்த்துப் போட்டது போல் இருக்கிறது," என்று முடித்துவிட்டார்கள். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அறையில் இருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நடுவில் அவள் மூன்று வாக்கியம்தான் பேசியிருக்கிறாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் 'உனக்கு ரசனை இல்லை' என்று கேட்டுக்கொண்டாள். அவர்கள் சொன்னது அதுவல்ல. என் கருத்தில் கேள்விகள் மூன்றும் சரியானவை. கேட்ட விதத்தில் கனிவு போதவில்லை. அதைவிடப் பெரிய குறை, கிரிட் என்றால் இப்படிப்பட்ட கேள்விகள் வரும் என்று முன்கூட்டி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அக்கா அண்ணன் பல்கலைக்கழகம் போன வீடுகளில் இது சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். இவள் வீட்டில் இவள்தான் முதல் ஆள்.

இன்னொன்றும் இருந்தது. அவளுடைய கணக்கு நோட்டைப் பார்த்தேன். ஆறு வாரத்தில் மாடல் அட்டை, பசை, வெட்டும் கத்தி, ஏ1 அளவில் வண்ண அச்சு என்று 640 வெள்ளி (ரிங்கிட்) போயிருந்தது. கல்விக் கட்டணத்தில் சேராத செலவு இது. அவளுடைய மடிக்கணினியில் முப்பரிமாணப் படம் ஓடாது, அதனால் ஆய்வுக்கூடம் காலியாகும் நள்ளிரவுக்குப் பிறகு அங்கே போய் வேலை செய்திருக்கிறாள். கிரிட்டுக்கு முந்தைய இரவு இரண்டு மணி நேரத் தூக்கம். மதியச் சாப்பாட்டுக் காசில் அச்சு எடுத்திருக்கிறாள். இதை வீட்டில் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் லாரியில் இன்னொரு நடை கூடுதலாக ஓட்டுவார் என்று பயம்.

பாட்டி வீட்டில் இரண்டு நாள்

சரி, நிறுத்துவதென்றால் இந்த இடைப்பருவ விடுமுறை முடிந்து நிறுத்தலாம், அதற்கு முன் என்னோடு ஒரு வேலைக்கு வா என்று சொன்னேன். ஒரு 5 மீட்டர் டேப், நோட்டு, பென்சில் எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனோம்.

எழுபதைத் தாண்டித் தனியாக வாழ்கிற ஒருவர் அவள் குடும்பத்திலேயே இருக்கிறார். ஆறு வாரமாக அவளுக்கு அது தோன்றவே இல்லை. கேட்டேன். "அது லயம்தானேக்கா. அதப் போயி எப்படி ஸ்டூடியோவுல காட்டுறது?" என்றாள்.

அளவெடுப்பதில் சில பழக்கங்கள் உண்டு. துண்டு துண்டாக அளந்து கூட்டக்கூடாது, ஒவ்வொரு துண்டிலும் வரும் பிழை சேர்ந்துகொண்டே போகும். டேப்பை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு தொடர்ச்சியாகப் படிக்க வேண்டும். அறையின் குறுக்கு மூலைவிட்டம் இரண்டையும் அளக்க வேண்டும். பழைய வீடு எதுவும் சரியான சதுரத்தில் இருக்காது. பாட்டி வீட்டு முன்னறையில் இரண்டு மூலைவிட்டத்துக்கும் 40 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது.

முன்னால் அஞ்சடி என்கிற திறந்த தாழ்வாரம், 1.5 மீட்டர் அகலம். அடுத்து முன்னறை, 3 மீட்டருக்கு 3.6 மீட்டர். பக்கத்தில் படுக்கும் அறை. பின்னால் சமையலறை, 2.4 மீட்டருக்கு 3 மீட்டர். அதற்கும் பின்னால் தகரச் சாய்ப்பு, குழாயடி, கழிவறை. முன்னறையின் பரப்பு 10.8 சதுர மீட்டர். 1984ஆம் ஆண்டின் ஒரேசீர் கட்டடத் துணைவிதிகள் ஒரு வீட்டின் முதல் வசிப்பறைக்கு 11 சதுர மீட்டராவது கேட்கின்றன. அதே விதிகளில் 39ஆம் விதி, ஜன்னல்களின் பரப்பு தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்கிறது. அந்தப் பழைய லயத்தை இந்த விதி கட்டுப்படுத்துகிறதா என்பது வேறு விஷயம், நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டோம். முன்னறையின் ஒரே ஜன்னல் 0.9 மீட்டருக்கு 1.2 மீட்டர். பெருக்கினால் 1.08. சரியாகப் பத்து விழுக்காடு.

அவள் கணக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். அதில் பாதியைப் பாட்டியின் அலமாரி மறைத்துக்கொண்டிருந்தது. "அப்போ பேப்பர்ல வெளிச்சம் இருக்கு, வீட்டுக்குள்ள இல்ல," என்றாள். அந்த இரண்டு நாளில் அவள் முதன்முதலாகத் தானே கண்டுபிடித்தது அது. அலமாரியை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று பாட்டியிடம் கேட்டோம். மற்ற சுவரில் மழைக்காலத்தில் ஓதம் ஏறுமாம், துணி பூத்துப்போகுமாம். அவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்.

அப்புறம் சமையலறை. அடுப்பு மேடை சிமெண்ட்டில் கட்டியது, 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். மேலே கேஸ் அடுப்பு 130, அதற்கு மேல் சோற்றுப்பானை 180. பானையின் விளிம்பு தரையிலிருந்து 1,174 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. "என்னையும் அளக்கப் போறியா?" என்று பாட்டி சிரித்துக்கொண்டே சுவரோரம் நின்றார். உயரம் 1,450. முழங்கை உயரம் 905. நின்று வேலை செய்கிற மேடை முழங்கைக்குக் கீழே 10 முதல் 15 சென்டிமீட்டர் இருந்தால்தான் தோள் வலிக்காது என்று இவள் வகுப்பில் படித்திருக்கிறாள். பாட்டியின் பானை விளிம்போ முழங்கைக்கு மேலே கிட்டத்தட்ட 27 சென்டிமீட்டரில் இருக்கிறது. பானைக்குள் எட்டிப் பார்க்க அவர் ஒரு பலகைத் துண்டின்மேல் ஏறி நிற்கிறார். அந்தப் பலகை ஆடுகிறது. பேத்தி பிறந்த நாளிலிருந்து பார்த்த பலகை அது. அன்றைக்குத்தான் அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் விடியற்காலையிலேயே போய், பாட்டி நடக்கிற வழியை எல்லாம் வரைபடத்தின்மேல் கோடாகப் போடச் சொன்னேன். இந்த முறை பழையது. அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடெரிக் என்ற பெண் நூறாண்டுக்கு முன்பே சமையலறையில் பெண்கள் நடக்கும் பாதையைக் கோடுகளாக வரைந்து காட்டியிருக்கிறார். அதைப் பின்பற்றித்தான் 1926இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் மட்டுமே உள்ள அறை. எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில். ஃபிராங்க்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளுக்கு அதைப் பொருத்தினார்கள். இன்று நாம் 'கிச்சன் கேபினெட்' என்று சொல்லும் ஏற்பாட்டுக்கு அது ஒரு மூலம். வரலாற்றுப் பாடத்தில் இதற்கு அவள் ஏ வாங்கியிருந்தாள். ஆனால் தேர்வுக்குப் படித்ததோடு சரி.

கோடுகளைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பாட்டி காய்கறியைச் சமையலறையில் நறுக்குவதில்லை. தட்டையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு முன்னறையைக் கடந்து அஞ்சடிக்கு வருகிறார், பெஞ்சில் உட்கார்ந்து நறுக்குகிறார், திரும்பப் போகிறார். அன்று காலை ஐந்து முறை போய்வந்தார். ஒரு முறைக்கு 18 மீட்டர், மொத்தம் 90 மீட்டர். முழங்கால் வலியோடு. அதுவும் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே 150 மில்லிமீட்டர் உயரப் படியைத் தாண்டி.

அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அக்கா, நறுக்கற மேடைய உள்ளுக்கே கொண்டாந்துட்டா தொண்ணூறு மீட்டரும் மிச்சம்!" பாட்டியிடமே போய்ச் சொன்னாள். பாட்டி வெண்டைக்காயை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "உள்ள குந்தி நறுக்குனா நான் யாரு மொகத்தப் பாக்கறது, புள்ள?"

பிள்ளை அப்படியே பாட்டி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் சும்மா இருந்தேன். அரை மணி நேரத்தில் அந்த வழியாக நான்கு பேர் போனார்கள், நான்கு பேரும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போனார்கள். மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தகரக்கூரை சூடேறி முன்னறையில் இருக்க முடியாமல் போனதும், பாட்டி பாயை எடுத்துக்கொண்டு மறுபடி அஞ்சடிக்குத்தான் வந்தார். இவள் வரைபடத்தில் அஞ்சடியை வீட்டுக்கு வெளியே என்று புள்ளிக்கோட்டில் போட்டிருந்தாள். அதை அழித்து முழுக்கோடாகப் போட்டாள்.

ஃபிராங்க்ஃபர்ட் சமையலறைமேல் பின்னாளில் வந்த குறையும் இதுதான்: நடை குறைந்தது, ஆனால் பெண் ஒரு சின்ன அறையில் தனியாக அடைபட்டாள். அதை நான் சொன்னபோது அவள் தலையசைத்தாள். விரிவுரையில் கேட்டதுதானாம். இப்போது அவளிடம் அதற்கு ஆள் இருந்தது.

மாமாவின் பட்டறை

அவளுடைய தாய்மாமா டவுனில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார், கேபினெட் வேலை. இந்தக் குடும்பத்தில் வடிவமைப்புத் தெரிந்த இன்னொரு ஆள். அவரையும் ஸ்டூடியோ வேலைக்குள் கொண்டுவரலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அவர் அடி, அங்குலத்தில் பேசுவார். கேபினெட் விலையும் 'அடிக்கு இவ்வளவு' என்றுதான். இவள் மில்லிமீட்டரில் வரைகிறாள். முதல் பத்து நிமிடம் இரண்டு பேரும் வேறு வேறு மொழி பேசினார்கள். பிறகு அவர் இவளுடைய படத்தில் அலமாரி ஆழம் 625 என்று இருந்ததைக் காட்டி, "இதுக்குப் பலகை ரெண்டு மடங்கு வேணும்மா, தெரியுமா?" என்றார். பிளைவுட் பலகை எட்டடிக்கு நாலடி, அதாவது 2,440க்கு 1,220. அகலத்தை 600 ஆக வெட்டினால் இரண்டு துண்டு வரும், ரம்பம் தின்கிற 3 மில்லிமீட்டரையும் சேர்த்து 1,203தான். 625 என்றால் ஒரு துண்டுதான் வரும், மீதி கிட்டத்தட்ட பாதிப் பலகை வேறு வேலைக்குக் காத்துக் கிடக்கும். 25 மில்லிமீட்டரில் செலவு அப்படி ஏறுகிறது. அவள் அந்த இடத்திலேயே எல்லா அலமாரியின் ஆழத்தையும் திருத்தினாள்.

எனக்கு அந்தக் காட்சி மறக்காது. மாமா நாற்பது வருடத் தொழில் செய்தவர். 'படிச்ச புள்ளைக்கு நான் என்னத்தச் சொல்றது' என்று முதலில் கூச்சப்பட்டார். ஒரு மணி நேரம் கழித்து கீல், சறுக்குத்தடம், ஓரப்பட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய பொருள் மாதிரிப் பலகைக்கு வேண்டிய துண்டுகள் எல்லாம் அன்று பட்டறைக் கழிவிலிருந்தே கிடைத்தன.

பதினான்காவது வாரம்

அவள் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போனாள். பழைய வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாட்டியின் வீட்டையும் வாழ்க்கையையும் வைத்துப் புதிதாகத் தொடங்கினாள். வீடு 45 சதுர மீட்டருக்குள் அடங்கியது. அடுப்பு மேடை 610 மில்லிமீட்டருக்கு இறங்கியது. பானை விளிம்பு இப்போது 920இல், முழங்கைக்கு ஒட்டி. அலமாரி ஜன்னலை விட்டு நகர்ந்தது, ஓதம் ஏறாதபடி சுவரிலிருந்து இடைவெளி விட்டு, கால் வைத்துத் தரையிலிருந்து தூக்கி வைத்தாள். நறுக்கும் இடம் அஞ்சடியிலேயே இருந்தது. பெஞ்சின் உயரத்தைக் கூட்டி, எழுந்திருக்கக் கைப்பிடி வைத்தாள்.

150 மில்லிமீட்டர் படிதான் அவளை அதிகம் சோதித்தது. எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிலைப்படி சாய்தளத்தின் சரிவு 1:12ஐ மிஞ்சக் கூடாது, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 150க்கு 1.8 மீட்டர் நீளம் தேவை. சமையலறையின் நீளமே 3 மீட்டர். சாய்தளம் போட்டால் சமைக்க இடமிருக்காது. அதனால் ஒரு படியை 75 மில்லிமீட்டரில் இரண்டு அகலப் படிகளாகப் பிரித்து, ஓரத்தில் வேறு நிறப் பட்டையும் சுவரில் பிடிகம்பியும் வைத்தாள். சக்கர நாற்காலி வந்தால் இது போதாது. அதையும் படத்தின் ஓரத்தில் அவளே எழுதினாள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

பேச்சுக்கு வேறு மாதிரித் தயாரானோம். அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை, ஆங்கிலத்தில் உடனே வராது. முதலில் தமிழில் ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன்: யார், எங்கே, என்ன பார்த்தேன், என்ன மாற்றினேன், எதை மாற்றவில்லை. பிறகு அதை ஆங்கிலமாக்கி, போனில் என்னிடம் தினமும் ஒரு முறை சொன்னாள். மனப்பாடம் செய்யவில்லை. தமிழில் யோசனை தெளிவானதும் ஆங்கிலம் தானாகச் சுருங்கியது.

சுவரில் நடுவில் இருந்தது 1:20 வெட்டுத்தோற்றம்: வீட்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போல, உண்மை அளவில் இருபதில் ஒரு பங்காக வரைந்த படம். அதில் பாட்டியின் உருவம் மூன்று இடத்தில்: அடுப்பின் முன், படியில், அஞ்சடிப் பெஞ்சில். குழுவில் ஒருவர், "நடையைக் குறைக்கும் வாய்ப்பு இருந்தும் ஏன் குறைக்கவில்லை?" என்று கேட்டாராம். "அந்த நடையின் முடிவில் மனிதர்கள் இருக்கிறார்கள்," என்றாளாம் இவள். அதற்குப் பிறகு வந்த கேள்விகளுக்கும் நின்று பதில் சொல்லியிருக்கிறாள்.

கிடைத்தது பி மைனஸ். குழாயடித் தரைக்கு நீர் வடியும் சரிவைக் காட்டவில்லை. விளக்கு அமைப்பு ஒரே வரியில் முடிந்துவிட்டது. வீடு முழுக்க ஒரே 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம், படுக்கும் அறை உட்பட. இவை நியாயமான குறைகள். முன்பு ஏ வாங்கியபோது வராத சந்தோஷம் இந்த பி மைனஸில் அவள் குரலில் இருந்தது.

இதில் நான் பார்த்தவை

என் தவறு ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். போர்ட்ஃபோலியோ தயாரித்தபோது அவளைப் பூச்சாடியும் பழத்தட்டும் வரையவைத்தேன். கைத்திறனைக் காட்டினால் இடம் கிடைக்கும் என்று நினைத்தேன், கிடைத்தது. ஆனால் 'உன் வீட்டை வரை' என்று ஒரு நாளும் சொல்லவில்லை. இப்போது வருகிற பிள்ளைகளிடம் அதைத்தான் முதலில் கேட்கிறேன்: வீட்டில் ஒரு மூலையை அளந்து, அங்கே யார் எப்போது என்ன செய்கிறார்கள் என்று எழுதி வா.

இரண்டாவது, பெயர். ஊரில் இந்தப் படிப்பை 'உள்ளலங்காரம்' என்கிறார்கள். திரைச்சீலை, பூச்சாடி, கல்யாண மேடை என்று நினைத்துப் பிள்ளையை அனுப்புகிறார்கள், அல்லது அதே காரணத்துக்காக அனுப்ப மறுக்கிறார்கள். அலங்காரம் இதில் ஒரு சிறு பகுதி. தீ விதி, மின்சாரம், நீர்க்குழாய், உடல் அளவு, பொருள் விலை, ஒப்பந்தம் எல்லாம் படிக்க வேண்டும். இது சட்டம் வகுத்த தொழிலும்கூட. 1967ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டத்தின்கீழ் இயங்கும் வாரியம்தான் உட்புற வடிவமைப்பாளர்களையும் பதிவு செய்கிறது. பட்டம் வாங்கிய மறுநாளே அந்தப் பெயரில் பலகை மாட்ட முடியாது. சேரும் முன்பே அந்தப் பட்டத்துக்கு மலேசியத் தகுதி முகமையின் (எம்.கியூ.ஏ.) அங்கீகாரம் இருக்கிறதா, வாரியம் அதை ஏற்கிறதா என்ற இரண்டையும் அப்பா அம்மா நேரில் கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். கட்டணச் சீட்டில் அட்டையும் அச்சும் இருக்காது. கடன் பணம் கட்டணத்துக்குப் போன பிறகுதான் மிச்சம் கைக்கு வரும், அதுவும் பருவம் தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்து. இந்தச் செலவு மாதாமாதம் வரும் என்று வீட்டில் முதல் நாளே சொல்லிவிட்டால், பிள்ளை சாப்பாட்டில் கை வைக்க மாட்டாள். இரண்டாம் பாதிப் பருவத்தில் அவள் வாரச் சந்திப்புகளுக்கு ஏ3 கறுப்பு வெள்ளை அச்சு மட்டும் எடுத்தாள், மாடல் அட்டையை மூன்று பேர் சேர்ந்து வாங்கினார்கள், மாதிரித் துண்டுகள் மாமா பட்டறையிலிருந்து போயின. ஏழு வாரச் செலவு 270 வெள்ளிக்கு இறங்கியது. அப்பாவிடமும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றுதான் கேட்டார்.

பல்கலைக்கழகத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கற்பனை மனிதரை வைத்து வீடு வடிவமைக்கச் சொல்வதைவிட, தெரிந்த ஒரு மனிதரை அளந்து வரச் சொல்லுங்கள். எந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளையும் அதில் சமமாக நிற்க முடியும்.

பாட்டி வீட்டில் இப்போது

லயத்துச் சுவர்களில் நாங்கள் கை வைக்கவில்லை. வைக்க உரிமையும் இல்லை. அலமாரி மட்டும் நகர்ந்திருக்கிறது. அடுப்புக்கு மாமா தனியாக ஒரு மர மேசை செய்து கொடுத்தார், மேலே தகடு அடித்து, சரியாக 24 அங்குலம். பழைய சிமெண்ட் மேடையில் இப்போது டப்பாக்கள் இருக்கின்றன. ஆடுகிற பலகை குழாயடிக்குப் போய்விட்டது.

முதல் நாள் சமைத்துவிட்டுப் பாட்டி இடுப்பைப் பிடித்தார். கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறதாம். பேத்தி டேப்பை எடுத்து மறுபடி அளந்தாள், கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிறகு பாட்டி தன் காலைக் காட்டினார். "நான் செருப்புப் போட்டுக்கிட்டுதான் சமைப்பேன். நீ வெறுங்காலோட நிக்க வச்சு அளந்த."

மாமா மேசையின் நான்கு காலுக்கும் அடியில் ஓரங்குலக் கட்டை வைத்து அடித்தார். அவள் நோட்டைத் திறந்து 610ஐ அடித்துவிட்டு 635 என்று எழுதினாள். பக்கத்தில் சின்னதாக 'செருப்பு' என்றும் எழுதிக்கொண்டாள்.